ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, ஓட்டல்

சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வருடா வருடம் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வகுப்பு எடுப்பது என் வழக்கம். பலகையில் 'ஹோஸ்ட்' என்ற சொல்லை எழுதிவிட்டு அர்த்தம் கேட்பேன். வீட்டுக்கு வந்தவர்களை உபசரிப்பவர் என்று முன்பெஞ்சில் ஒருத்தி சொல்வாள். டிவியில் நிகழ்ச்சி நடத்துபவர் என்பாள் இன்னொருத்தி. இணையதளத்தைச் சுமக்கும் கம்ப்யூட்டர் என்று ஒரு பையன் பெருமையாகச் சொல்வான். மருத்துவப் படிப்பு கிடைக்காமல் என்னிடம் வந்து சேர்ந்த பிள்ளை ஒன்று எல்லா வருடமும் இருக்கும். அது மெல்லக் கையைத் தூக்கி, ஒட்டுண்ணி எந்த உடம்பில் ஒட்டிக்கொண்டு தின்கிறதோ அந்த உடம்புக்கும் அதுதான் பெயர் என்று சொல்லும். அந்தப் பிள்ளையை எனக்கு உடனே பிடித்துப்போகும்.

பெரும்படைக்கும் அதே பெயர்தான் என்று கடைசியில் நான் சொல்வேன். சோறு போடுகிறவனும் அடிக்க வருகிறவனும் எப்படி ஒரே பெயரில் இருக்க முடியும் என்று கேட்பார்கள். லத்தீனில் 'ஹோஸ்டிஸ்' என்று ஒரு சொல். முதலில் அதற்கு வெளியாள் என்றுதான் பொருள். போகப் போக எதிரி என்று ஆகிவிட்டது. எதிரிகள் திரண்டு வந்தால் படை. அதன் பக்கத்திலேயே 'ஹோஸ்பெஸ்' என்று இன்னொரு சொல். வெளியாளை வீட்டுக்குள் விட்டுச் சோறு போடுகிறவன் அவன். வந்து சாப்பிடுகிறவனையும் அதே சொல்லால்தான் கூப்பிட்டார்கள். விருந்தாளியைக் குறிக்கும் 'கெஸ்ட்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் அதுவும் அந்த எதிரியின் வேரில்தான் போய் நிற்கிறது. வாசலில் நிற்கிறவன் சோற்றுக்கு வந்தானா சண்டைக்கு வந்தானா என்பது கதவைத் திறந்த பிறகுதானே தெரியும் என்பேன். வகுப்பு சிரிக்கும்.

ஹோஸ்பெஸ் வழியில் வந்த பிள்ளைகள் மூன்று. வழிப்போக்கர்களுக்கும் ஏழைகளுக்கும் படுக்க இடம் கொடுத்த வீடு ஹாஸ்பிடல். மற்றவர்கள் எழுந்து போய்விட, நோயாளிகள் மட்டும் அதில் தங்கிவிட்டார்கள். போர்ச்சுக்கீசியரோடு கப்பலில் வந்து அது நம் வாயில் ஆஸ்பத்திரி ஆனது. படிக்கிறவர்கள் தங்கினால் ஹாஸ்டல். பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் இருந்த ஒரு எழுத்தை விழுங்கிவிட்டதால் ஹோட்டல். எங்கள் நாமக்கல் பக்கம் வந்ததும் ஹோட்டலில் இருந்த கட்டிலும் காணாமல் போய், இட்லி தோசை மட்டும் மிஞ்சியது. படுக்க வேண்டும் என்றால் லாட்ஜுக்குப் போக வேண்டும். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லி முடிப்பேன். மேடம், இது எக்ஸாமுக்கு வருமா என்று யாராவது கேட்பார்கள். வராது என்பேன். பேனாக்களை மூடிவிடுவார்கள்.

வகுப்பில் நான் சொல்லாதது ஒன்று உண்டு. என் அம்மா ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அப்போது நான் ஹாஸ்டலில் இருந்தேன். எரித்து, கரைத்து, கருமாதியும் முடித்து, அதற்கும் பல நாள் கழித்து ஒரு ஓட்டலில் வைத்து எனக்குச் சொன்னார்கள். மூன்றும் ஒரே வீட்டுச் சொற்கள் என்பதை அகராதியில் நான் பார்த்தது பிற்பாடுதான்.

எங்கள் ஊரிலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இவ்வளவு பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு எதற்கு ஹாஸ்டல் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்க மாட்டார்கள். காடு தோட்டம் இருந்து, கோழிப்பண்ணையும் இருந்து, பிள்ளையைப் பெரிய ஹாஸ்டலில் போடவில்லை என்றால் அந்த வீட்டில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். சேர்த்தோம் என்று யாரும் சொல்வதில்லை, போட்டோம் என்றுதான் சொல்வார்கள். அப்பா பண்ணையில் குஞ்சுகளை விட்டு வளர்த்ததற்கும் எங்களை ஹாஸ்டலில் வளர்த்ததற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வரிசையாக இடம், நேரத்துக்குத் தீனி, விளக்கு எரிய ஒரு நேரம், அணைய ஒரு நேரம். அங்கே எடை பார்ப்பார்கள், இங்கே மார்க் பார்த்தார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரலாம். பெரிய தகரக் கொட்டகையில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். அம்மா நாட்டுக்கோழிக் குழம்பு கொண்டுவருவாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் உட்கார்ந்து தலையைப் பிரித்துப் பேன் பார்ப்பாள். சாப்பாட்டு இடத்தில் இது என்ன வேலை என்று அப்பா திட்டுவார். அவள் காதில் வாங்க மாட்டாள். மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கிற தலை அது, எப்போது பார்ப்பது என்று கேட்பாள்.

எங்கள் பக்கம் சொந்தக்காரர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் ஒரே சொல்தான். ஒரம்பரை. யார் வந்தாலும் ஒரம்பரை வந்திருக்காங்க என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு உலை வைப்பார்கள். பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, அம்மா யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்: "நான் பெத்த புள்ளைய நானே ஒரம்பரையாட்ட வந்து பாத்துட்டுப் போறேன்." அப்பா முறைத்தார். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. பக்கத்துப் பாயில் என் வகுப்புப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

ப்ளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் வந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அண்ணனும் மட்டும் வந்தார்கள். அண்ணன் தொப்பி போட்டிருந்தான். வெயிலுக்கு என்று நினைத்தேன். உட்கார்ந்ததும் கழற்றினான். பளபளவென்று மொட்டை. நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"உனக்கு நல்ல மார்க்கு வரோணும்னு பழனிக்குப் போயி முடி குடுத்துட்டு வந்தேன் அம்மிணி," என்றான்.

பஞ்சாமிர்த டப்பாவைக் கையில் கொடுத்தான். திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அப்பாவே என் நெற்றியில் பூசிவிட்டார். கோழிக்குழம்பு இல்லை, எலுமிச்சைச் சாதமும் தயிர்சாதமும் இருந்தன. பழனிக்கு விரதம், வீட்டில் கவுச்சி சமைப்பதில்லை என்றார்கள். அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டேன். பண்ணையில் புதுக்குஞ்சு இறக்கியிருக்கிறது, பல்பு சூடு சரியாக இருக்கிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவள் அசைய முடியாது என்றார் அப்பா. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இன்று நினைத்தால் அந்தக் கச்சிதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்திருக்க வேண்டும். மொட்டைக்கு ஒரு காரணம், கறி இல்லாததற்கு ஒரு காரணம், அவள் இல்லாததற்கு ஒரு காரணம்.

பரீட்சை முடிந்து வரும் அன்றைக்கு வீட்டில் கோழிக்குழம்பு இருக்க வேண்டும், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். சொல்கிறேன் என்றார். அம்மா செத்து அப்போது பதினாறு நாள்கூட ஆகியிருக்கவில்லை. எழவு விழுந்த வீட்டுக்காரர்கள் கோயில் படி மிதிக்க மாட்டார்கள். அந்தப் பஞ்சாமிர்தம் பக்கத்து வீட்டுக்காரர் முன்பே பழனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம்.

எனக்காக அண்ணன் முடி கொடுத்திருக்கிறான் என்று அன்று முழுக்க ஹாஸ்டலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு அவ்வளவு பெருமை. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி என் அறையில் இருந்தாள். அதுவரை என்னோடு பெரிதாகப் பழகாதவள். அந்த வாரம் மெஸ்ஸில் அவளுக்குப் போட்ட அவித்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். எனக்குப் பிடிக்காது என்றாள். அவளுக்கு முட்டை பிடிக்கும். மற்ற நாளெல்லாம் மஞ்சள் கருவை ஓரமாக ஒதுக்கி வைத்து, கடைசியில் ஆசையாகச் சாப்பிடுகிறவள்.

கடைசிப் பரீட்சை முடிந்த மதியம் அப்பா காரில் வந்தார். பெட்டி படுக்கையை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வீட்டில் குழம்பு காத்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் வழியில் ஒரு ஓட்டலில் நிறுத்தினார். எனக்கு நெய் ரோஸ்ட் சொன்னார். அவருக்கு ஒரு காபி. நான் கேள்வித்தாளைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று அதையும் தின்றேன். கை கழுவும் இடத்துக்கு அவரும் பின்னாலேயே வந்தார். நான் குழாயைத் திறந்தேன்.

"அம்மா நம்மள உட்டுப்போட்டுப் போயிட்டா சாமி. போன மாசமே. பரிச்சை கெட்டுப்போகும்னு சொல்லல," என்றார்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒருவர் எச்சில் கையோடு வரிசையில் நின்றார். அப்பா என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தி அவருக்கு வழி விட்டார். வயிறு நிறையத் தின்றுவிட்டு நின்றேன். அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கட்டும், வீட்டுக்குப் போனால் சாப்பிட மாட்டாள் என்று பார்த்தாராம். அதில் அன்பு இருந்தது என்று எனக்கு இன்று தெரியும். அந்த அன்பை நினைத்தால் குமட்டிக்கொண்டுதான் வருகிறது.

மூளையில் ரத்தக்கசிவு. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்திருக்கிறாள். ஒரு மணி நேரத் தொலைவில் நான் இயற்பியல் சூத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வார்டனுக்குத் தெரியும். என் முட்டைக்காரிக்குத் தெரியும். எங்கள் ஊரில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அத்தனை பேரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு ரகசியம் அவ்வளவு பத்திரமாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பரீட்சை என்றால் மட்டும் ஊரே ஒரே வாயாகிவிடும்.

செத்த தாய்க்குப் பெற்ற மகள் வாய்க்கரிசி போட வேண்டும். அம்மாவுக்கு நான் போடவில்லை. அதைச் சொல்லி அழுதபோது பெரியப்பா ஒருவர், உங்கம்மாவே சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாளாம் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். புள்ள படிப்பு கெடக்கூடாதுன்னு சாகறப்பவும் நெனச்சா பாரு என்று அவளைத் தியாகியாக்கினார்கள். கிறிஸ்தவர்கள் பூசையில் தரும் அப்பத்துக்கும் ஆங்கிலத்தில் ஹோஸ்ட் என்றுதான் பெயர். பலிகொடுக்கப்படும் உயிரைக் குறித்த வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு லத்தீன் தெரியாது, ஆனால் பலி என்றால் என்ன, அதைப் பங்கு வைப்பது எப்படி என்று நன்றாகவே தெரியும்.

மார்க் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பள்ளிக்கூடம் வைத்த போர்டில் என் படமும் இருந்தது. பார்த்தாயா, சொல்லியிருந்தால் இந்த மார்க் வந்திருக்குமா என்று எல்லோரும் கேட்டார்கள். அந்த மார்க் மெடிக்கலுக்குப் போதவில்லை. கொஞ்சத்தில் போயிற்று என்றார்கள். அம்மாவின் சாவையே மறைத்து வாங்கிய மார்க், அதுவும் போதவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் ஆங்கில இலக்கியத்தில் போய்ச் சேர்ந்தேன். அப்பாவுக்கு அதைப்போல வலிக்கக்கூடியது வேறொன்றும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அந்த வீட்டுக்கு நான் ஒரம்பரையாகத்தான் போனேன். பொங்கலுக்கு ஒரு நாள், ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு ஒரு நாள். அண்ணி நல்லவள், இலை போட்டுச் சோறு போடுவாள். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன். சேலம் சூரமங்கலத்தில் ரயில் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் நானும் கணவரும் குடியிருக்கிறோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணனுக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஒரு பெண் பிறந்தாள். எங்கள் வீட்டில் அடுத்த தலைமுறை என்றால் அவள் ஒருத்திதான். அவளையும் நாமக்கல் ஹாஸ்டலில்தான் போட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அண்ணனுக்குத் தெரியும்.

இந்த வருடம் அவள் ப்ளஸ் டூ. தை பிறந்ததும் அப்பாவை சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயசாளி, நுரையீரல் ஓய்ந்துவிட்டது என்றார்கள். பகலில் நான் பார்த்துக்கொண்டேன், சாயங்காலம் அண்ணன் வருவான். ஒரு மதியம் இளநீரை ஸ்ட்ரா போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. அம்மா சொல்லக் கூடாது என்று சொன்னது நிஜமா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

ஸ்ட்ராவிலிருந்து வாயை எடுத்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"அப்படியெல்லாம் சொல்லல சாமி. பேச்சு நிக்கறதுக்கு முன்னால உன்னத்தான் கேட்டா. பாப்பா வந்துட்டாளான்னா. வந்துட்டே இருக்கறான்னு சொன்னோம்," என்றார்.

இளநீரை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். லிஃப்ட் பக்கத்தில் நின்றேன். லிஃப்ட் வந்தது, போனது. எனக்கு மட்டும்தான் பொய் சொன்னார்கள் என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். சாகக் கிடந்தவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். நான் வருகிறேன் என்று நம்பி அவள் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அப்பாவின் மேல் எனக்கு இரக்கம் வந்ததாகச் சொன்னால் அது பொய். ஆனால் அவரை எழுப்பி உட்கார வைக்க ஆள் இல்லை. உள்ளே போனேன்.

ஒரு வாரத்தில் போய்விட்டார். ஊருக்குக் கொண்டுவந்து போட்டதும் நான் அண்ணனிடம் சொன்ன முதல் வார்த்தை, பாப்பாவைக் கூட்டிவர கார் அனுப்பு என்பதுதான். அவன் தரையைப் பார்த்தான். பரீட்சை நெருங்கிவிட்டது, இப்போது சொன்னால் உடைந்துவிடுவாள், அப்பாருன்னா அவளுக்கு உசுரு, பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். அப்பாரு என்றால் எங்கள் பேச்சில் அப்பாவைப் பெற்றவர். உசுரு என்றால் அப்புறம் எப்படி மறைக்கிறாய் என்று கேட்டேன். அக்கம்பக்கம் எல்லாம் அவன் கட்சி. உன்னையும் அப்படித்தானே படிக்க வைத்தோம், நீ இன்று காலேஜில் பாடம் எடுக்கவில்லையா என்று ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார். பிணம் கிடக்கிற வீட்டில் அதற்குமேல் கத்த முடியவில்லை. பணயக்கைதியைக் குறிக்கும் 'ஹோஸ்டேஜ்' என்ற சொல்லும் இந்த ஹாஸ்டல் குடும்பத்தைச் சேர்ந்ததா என்று அகராதிக்காரர்களுக்குள் ஒரு தகராறு உண்டு. நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

பேரன் பேத்தி எடுத்தவர் செத்தால் பாடையைச் சுற்றி அவர்கள் நெய்ப்பந்தம் பிடித்து நிற்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் இன்னார் நிறைய வாழ்ந்தவர் என்று ஊர் சொல்லும். அப்பாவுக்குப் பந்தம் பிடிக்க இருந்தது ஒரே ஒரு கை. அந்தக் கை நாமக்கல்லில் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தது. கடைசியில் பங்காளி வீட்டுச் சின்னப் பையன் ஒருவனைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். அப்பாவை அவன் நாலு தரம் பார்த்திருந்தால் அதிகம். நெய் சொட்டிச் சுடுகிறது என்று சிணுங்கினான். யாரோ அவனுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். நான் பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டேன். அது ஒன்று கிடைத்தது. போடும்போது கண்ணீர் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் பார்க்கும் நாள். நானும் வருகிறேன் என்றேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லச் சொன்னான். நான் போய்க் காரில் ஏறி உட்கார்ந்தேன். அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் ஏறினேன். பேத்தி அழட்டும், பரீட்சை போகட்டும், குறைந்தபட்சம் ஒரு பெண் பிள்ளையாவது இந்த வீட்டில் நேரத்துக்கு அழட்டும் என்று நினைத்தேன். அண்ணி வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அண்ணன் மொட்டைத் தலையில் தொப்பி. மடியில் பஞ்சாமிர்த டப்பா. ஒன்றைக்கூட மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஒருமுறை பலித்த பொய்தானே.

தகரக் கொட்டகைக்குப் பதிலாக இப்போது ஃபேன் போட்ட பெரிய ஹால். வாசலில் செக்யூரிட்டி, பெற்றோரின் படம் போட்ட அட்டையைக் காட்டச் சொன்னார். எனக்கு அட்டை இல்லை. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார்கள். அதில் ஆங்கிலத்தில் 'கெஸ்ட்' என்று இருந்தது. மாட்டிக்கொண்டு போனேன்.

அவள் ஓடிவந்தாள். மெலிந்திருந்தாள். பாயில் உட்கார்ந்ததும் அண்ணன் தொப்பியைக் கழற்றினான். அவள் அவன் தலையைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு சிரித்தாள். பழனிக்குப் போனீங்களா அப்பா என்று அவளே கேட்டாள். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம் சாமி, உனக்காகத்தான் என்றான். டப்பாவைத் திறந்து கொடுத்தான். அவள் விரலால் தொட்டு வாயில் வைத்தாள். நெற்றியைக் காட்டினாள், திருநீறு பூசினான். அப்பாரு எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்கவே இல்லை. அது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவளுக்குத் தெரியும். உசுராக இருந்தவள் ஏன் கேட்கவில்லை?

தண்ணீர் பாட்டிலை நிரப்ப வேண்டும் என்று எழுந்து, அத்தையும் வரட்டும் என்றாள். இதுதான் சமயம் என்று நானும் எழுந்தேன். ஹாலுக்கு வெளியே குழாய்கள் இருந்தன. எப்படித் தொடங்குவது என்று வாயைத் திறந்தேன். அவள் குழாயைத் திறந்து பாட்டிலை வைத்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"இந்த வருசம் எங்க ஹாஸ்டல்ல இது மொத மொட்டை இல்லீங்க அத்தை. பழனின்னு சொன்னாவே எல்லாருக்கும் தெரிஞ்சுரும்," என்றாள்.

அவள் பாட்டில் நிரம்பி வழிந்தது. மூடவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லிறாதீங்க. எனக்குத் தெரிஞ்சுருச்சுன்னா வெசனப்படுவாரு. பரிச்சை முடியட்டுங்க. கூட்டிட்டுப் போறப்ப அவரா சொல்லுவாரு, அப்ப அழுதுக்கறேன்."

அதுவரைக்கும் என்று நான் கேட்க நினைத்தேன். அதுவரைக்கும் அழுகையை எங்கே வைத்திருப்பாய் என்று. அவள் குழாயை மூடி, பாட்டிலைத் துடைத்து, மூடியைத் திருகினாள். பதினேழு வயது. அப்பனுக்கு வலிக்கக் கூடாது என்று பஞ்சாமிர்தம் தின்றுவிட்டு வந்து நிற்கிறாள். சொல்வதற்காக நான் கொண்டுவந்த உண்மையை அவள் எனக்கு முன்பே வாங்கி மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

பிறகுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, வழியவில்லை.

"அப்பாருக்குப் பந்தம் யாருங்க அத்தை புடிச்சாங்க?"

நெய் சுடுகிறது என்று சிணுங்கிய பையனும் அவன் கையில் இருந்த பிஸ்கட்டும் என் கண்ணுக்குள் வந்து நின்றன. பொய் சொன்னவர்கள் யாரையும் இத்தனை வருடத்தில் நான் மன்னித்ததில்லை. அவள் காத்திருந்தாள்.

"நாந்தான் சாமி. உனக்குப் பதிலா நாந்தான் புடிச்சேன்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். நெற்றியில் உதிர்ந்திருந்த திருநீற்றைச் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் ஹாலுக்குள் நடந்தாள். பாயில் அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானும் சிரித்தேன்.